மருதங்குளம் நிறுத்தத்தில் ஆறு நாள் கணக்கு

பல வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. மருதங்குளம் ரயில் நிறுத்தத்தின் ஒரே சிமெண்டு பெஞ்சில், வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இடது ஓரத்தைக் காக்கைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மடியில் புது நோட்டு. சட்டைப்பையில் இரண்டு பென்சில். ஒன்றின் முனை உடைந்தால் இன்னொன்று வேண்டுமே என்ற கவலை. மூன்றாவதாக ஒன்றையும் பைக்குள் போட்டு வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்கே மலையில் பாதிக்கு மேல் மேகம். போடிமெட்டுக்கு ஏறும் சாலை அந்த மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது. கிழக்கே, தேனிப் பக்கம், இன்னும் புகை தெரியவில்லை.

"வாத்தியாரே, வண்டி வர பத்து நிமிசம் கெடக்கு. அதுக்குள்ள என்னத்த எழுதுறீக?"

கேட்டவர் பெருமாள்சாமி. அந்த நிறுத்தத்தில் டிக்கெட் கொடுப்பவர். ரயில்வேயின் சம்பளக்காரர் அல்ல. விற்கிற டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர்.

"கொக்கு" என்றேன். "கண்மாய்ல பதினேழு நிக்கிது."

"கொக்குமா டிக்கெட் எடுத்துருக்கு?"

"பிறன்னு ஒரு பத்தி போட்டுருக்கேன். அதுல எழுதுறேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நோட்டில் மூன்று பத்திகள் இருந்தன. ஏறியவர். இறங்கியவர். பிற.

அந்த மூன்றாவது பத்தியைப் பற்றித்தான் இந்த வாரம் பத்திரிகைக்கு எழுத வேண்டும். இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு வாசகருக்குப் பதில்

அதற்கு முன் ஒரு சிறு வேலை. சென்ற வாரம் போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் என்று எழுதியிருந்தேன். பதினெட்டு என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். தான் ஜீப்பில் போகும்போது எண்ணியதாகச் சொல்கிறார்.

ஐயா, ஜீப்பில் போகும்போது எண்ணக்கூடாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் இருபது பேருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருப்பவர் முதுகைத் தவிர எதையும் பார்க்க முடியாது. நான் நடந்தே இறங்கி எண்ணியிருக்கிறேன். இரண்டு முறை. பதினேழுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் எண்ணிக்கையை ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. கல்யாண வீட்டில் எத்தனை இலை விழுந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். கோயில் கொடைக்கு வந்த தேங்காய், பள்ளிக்கூடத்துக் கூரையில் உடைந்த ஓடு, தெருவிளக்கில் எரியாதது, எல்லாம் எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் என்பதால் இந்தப் பழக்கம் வந்ததா, இந்தப் பழக்கத்தால் கணக்கு வாத்தியார் ஆனேனா என்று எனக்குத் தெரியாது. மாடிப்படி ஏறினால்கூட வாய்க்குள் எண் ஓடும்.

மண் போட்ட கதை

மதுரையிலிருந்து போடிக்கு வரும் இந்தப் பாதைக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரும்பு வேறு எங்கோ தேவைப்பட்டதாம். வெறும் கல்லும் மேடும் பல வருடம் கிடந்தன. எங்கள் ஊர் மாடுகள் அந்த மேட்டில்தான் மேய்ந்தன. சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்து மறுபடி தண்டவாளம் போட்டார்கள். மாடுகள் இறங்கின, வண்டி ஏறியது.

அப்போதும் எங்கள் ஊரில் வண்டி நிற்காது. எங்கள் ஊருக்கு வடக்கே வயல், தெற்கே ரயில் பாதை, அதற்கும் தெற்கே கண்மாய். வண்டி நடுவில் புகுந்து ஊதிக்கொண்டு போய்விடும்.

நிற்க வேண்டுமென்று ஊர் மனுப் போட்டது. கடைசியில் பதில் வந்தது. நிறுத்துகிறோம், ஆனால் பிளாட்பாரத்துக்கு மண்ணை நீங்களே கொட்டிக்கொள்ளுங்கள்.

ஊரில் வரி போடுவதுபோல மண் போட்டார்கள். வீட்டுக்கு ஐம்பது கூடை. வீடு வீடாகப் பெயர் எழுதி, கூடை விழ விழக் கோடு இழுத்தார்கள். அப்போது நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடைகளை என் தகப்பனார் சுமந்தார். "அந்தப் பிளாட்பாரத்துல நம்ம மண்ணு அம்பது கூடை இருக்கு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்குக் காத்திருக்கும்போது, தான் கொட்டிய இடம் என்று ஓர் இடத்தில் போய்த்தான் நிற்பார்.

இது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. மண் போட்ட வீட்டுக்காரர்கள் அவரவர் இடத்தில் நிற்பார்கள். புதிதாக வந்தவர் தெரியாமல் நின்றால், "அப்பு, சித்த அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்பார்கள். சண்டையாகச் சொல்வதில்லை. ஒரு வேடிக்கைப் பெருமை, அவ்வளவுதான். அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நிறுத்தம் என்பது அந்த மண் மேடு, ஓரத்தில் கல் வரிசை, ஒரு பெஞ்சு, ஒரு வாகை மரம், பெருமாள்சாமி உட்காரும் ஆஸ்பெஸ்டாஸ் அறை. பெயர்ப்பலகையில் மூன்று மொழி. காலையில் போடிக்குப் போகும் வண்டி, சாயங்காலம் போடியிலிருந்து திரும்பும் வண்டி. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்கும். சாயங்கால வண்டியில் சரக்குப் பெட்டிக்குள் ஏலக்காய் மூட்டை இருக்கும். வண்டி போனபின்னும் கொஞ்ச நேரத்துக்கு அந்த வாசனை பெஞ்சைச் சுற்றி நிற்கும். கரிப்புகையும் ஏலமும் கலந்த அந்த வாசனையை நான் பிறகு வேறெங்கும் முகர்ந்ததில்லை.

நாற்பது தலை

எழுபதுகளின் பின்பாதியில் தேனி சாலையில் பஸ்கள் பெருகின. நிறுத்தத்தில் டிக்கெட் விற்பனை குறைந்தது. ஒரு நாள் ரயில்வேயிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்த, நல்ல மனிதர். இளநீர் கொடுத்தோம்.

"இங்கே டிக்கெட் ரொம்பக் கம்மியா விக்கிது. நிறுத்தத்தை எடுத்துடலாம்னு மேல சொல்றாங்க" என்றார்.

பெருமாள்சாமி முன்னால் வந்தார். "சார், சீசன் டிக்கெட்காரக இருக்காக. அவுக போடியில எடுத்துக்கிர்றாக. என் சன்னல்ல எப்படித் தெரியும்?"

அதிகாரி யோசித்தார். "சரி. ஆறு நாள் தலையை எண்ணுங்க. ஒரு நாளைக்கு ஏர்றவங்க நாப்பது பேராவது இருந்தா நான் எழுதிப் பார்க்கிறேன். ஆனா எண்றவர் நம்பிக்கையான ஆளா இருக்கணும். கையெழுத்துப் போட்டுத் தரணும்."

அன்று மாலை சாவடியில் ஊர்க்கூட்டம். கண்மாய்க்கு அந்தப்புறம் இருந்த கரைத்தெருவுக்குத் தகவல் சொல்லவில்லை. எப்போதும் சொல்வதில்லை. அன்று அது எனக்கு உறுத்தவும் இல்லை.

யார் எண்ணுவது என்ற பேச்சே எழவில்லை. ஊர்ப் பெரியவர் குருசாமி அண்ணன் என்னைப் பார்த்து, "என்னப்பு, ஒனக்குன்னே வந்த சோலி இது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என் வீட்டுக்காரி மட்டும் இரவுச் சாப்பாட்டில், "எண்ணுறதெல்லாம் எண்ணுவீக. கடைசியில ஒண்ணு விட்டுப்போச்சோன்னு விடியவிடியப் பொரளுவீக" என்றாள்.

ஆறு நாள்

அந்த ஆறு நாட்களைப்போல மகிழ்ச்சியான வேலை எனக்கு வாய்த்ததில்லை. காலையில் பள்ளிக்கு முன், சாயங்காலம் பள்ளி விட்டபின், அந்தப் பெஞ்சில். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. இதுதான் என் முறை.

காலை வண்டி கூவும்போது பிளாட்பாரத்தில் எல்லாரும் எழுவார்கள். காய்கறிக்கூடை, கோழிக்கூடை, கோர்ட்டுக்குப் போகும் வெள்ளைச் சட்டைகள். ராசிங்காபுரத்தில் பெண் கொடுத்திருந்த ஒரு பாட்டையா, வாரம் மூன்று முறை மகளைப் பார்க்கப் போவார்.

"வாத்தியாரு, என்னைய எண்ணியாச்சா?" என்று படியில் நின்று கேட்பார்.

"ஆச்சு."

"ரெண்டாப் போட்டுக்க. வயித்துல கஞ்சி இருக்கு, கனமா இருக்கேன்."

எண்ணும் நேரத்தில் யாரும் பேச வேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன். யாரும் கேட்கவில்லை. இறங்கி மறுபடி ஏறி என்னைக் குழப்பிய இளவட்டங்கள் நான்கு பேர். அவர்களுக்கு ஒரே கோடுதான் போட்டேன். என்னிடமா!

பிற பத்தியும் நிறைந்துகொண்டு வந்தது. கொக்கு. பெட்டிகள், வழக்கமாக ஆறு, வியாழக்கிழமை ஏழு. தந்திக் கம்பியில் கரிச்சான் குருவி. சாயங்கால வண்டி புறப்பட்டுப் போனதும், எதிரே கண்மாய்க் கரைமேல் தூக்குவாளியோடு வரிசையாகப் போகும் களையெடுப்புப் பெண்கள். மேற்கு வெளிச்சத்தில் அவர்கள் உருவம் கறுப்பாக, எண்ணுவதற்குத் தோதாகத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி போனதும் பெருமாள்சாமி பக்கத்தில் வந்து குந்தினார். கூட்டினேன்.

திங்கள் இருபத்தொன்று. செவ்வாய் பத்தொன்பது. புதன் இருபத்து நான்கு. வியாழன் பதினெட்டு. வெள்ளி இருபத்தாறு. சனி இருபது. மொத்தம் நூற்று இருபத்தெட்டு. ஒரு நாளைக்கு இருபத்தொன்று, சொச்சம்.

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார். பிறகு, "இம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்."

"எனக்கென்னமோ நாப்பதுக்குக் கொறையாதுன்னு தோணுச்சு வாத்தியாரே. சீசன்காரகளையும் சேத்தீகளா?"

"தலையத்தான எண்ணுனேன், டிக்கெட்டையா எண்ணுனேன்? எல்லாரையும் சேத்துத்தான்."

"கண்ணால பாக்கும்போது நெறையாத் தெரிஞ்சது…"

"தோணுறது வேற பெருமாள்சாமி, எண்ணுறது வேற."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அதே குரலில், அதே நிதானத்தில், வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

குருசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். "பென்சில்தானப்பு? ஒண்ணை மூணாக்கு, ரெண்டை நாலாக்கு. யாரு வந்து பாக்கப் போறாக?" என்றார். கெஞ்சினார். கடைசியில் கோபித்தார். "ஊரு பெருசா, ஒன் நோட்டு பெருசா?"

"அண்ணே, கையெழுத்து என்னது" என்றேன்.

பெருமாள்சாமி மட்டும் கெஞ்சவில்லை. அவருக்குத்தான் பிழைப்பு போகிறது. "வாத்தியாரு எண்ணுனா சரியாத்தான் இருக்கும். எங் கண்ணுதேன் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேச்சை அன்று ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பத்திகள் ஒன்றையும் இரண்டையும் வெள்ளைத்தாளில் பிரதி எடுத்து, கையெழுத்திட்டு, தபாலில் சேர்த்தேன். கொக்குகளை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை அல்லவா.

நிற்காத வண்டி

ஐந்தாறு மாதத்தில் உத்தரவு வந்தது. கடைசியாக வண்டி நின்ற நாளில் எஞ்சின் டிரைவர் வழக்கத்தைவிட நீளமாக ஊதினார். அவருக்கு யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். குருசாமி அண்ணன் தன் வீட்டு மண் விழுந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு வருடம் பேசவில்லை.

பெருமாள்சாமி அறையைப் பூட்டி, டிக்கெட் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதே வண்டியில் ஏறிப் போடிக்குப் போனார். மெட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கொடுத்த கை, டீ ஆற்றக் கற்றுக்கொண்டது.

எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் உறக்கம் கெடவில்லை. சரியான கணக்குக்குப் பலன் எப்படி வந்தாலும் சரி என்று இருந்தேன். வண்டி தினமும் இரண்டு முறை நிற்காமல் போகும். பெட்டிகளை எண்ணுவேன்.

கரைத்தெரு

எண்பதுகள் பிறந்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். எனக்குக் கரைத்தெரு விழுந்தது. தண்டவாளத்தைத் தாண்டி, கண்மாய்க் கரை ஏறி இறங்கினால் நாற்பத்தோரு வீடுகள். அத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் அன்றுதான் அந்தத் தெருவுக்குள் நுழைகிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஒன்பதாவது வீட்டில் ஒச்சம்மா. நாற்பது வயது இருக்கும். வாசலில் ஒரு கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, துண்டால் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னாள். விரல் நுனிகளில் பச்சைக் கறை. பெயர், வயது, எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் கேட்டு முடித்து, தொழில் என்ற இடத்துக்கு வந்தேன்.

"விவசாயக் கூலின்னு போட்டுரவா?"

"இல்ல சார். ஏலக்கா பொறுக்குறது. போடியில கிட்டங்கில."

"கிடங்குலயா? களையெடுப்பு இல்லையா?"

"களையெடுப்புக்கு எங்க சார் போறது? பாஞ்சு வருசமா ஏலக்காதேன். பெருசு, சிறுசு, வெடிச்சதுன்னு பிரிக்கணும். இந்தத் தெருவுலருந்து இருவத்திநாலு பேரு போனோம்."

"போடிக்கு எப்படிப் போவீங்க?"

இது படிவத்தில் இல்லாத கேள்வி. சும்மா கேட்டேன்.

"இப்ப நடைதேன். மொத ரயில்ல போனோம். கிட்டங்கி மேஸ்திரி எங்களுக்குச் சீசன் எடுத்துக் குடுத்துருந்தாரு."

பேனாவைக் கீழே வைத்தேன். "ரயில்லயா? இந்த நிறுத்தத்துலயா? நான் உங்களை ஒரு நாளும் பார்க்கலையே."

அவள் சிரித்தாள். "நாங்க ஒங்களப் பாத்துருக்கோம்ல! பெஞ்சுல நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீகளே. பெட்டிக்குள்ள ஏறி அந்தப் பக்கத்துச் சன்னல் வழியாப் பாப்போம். வாத்தியாரு கொக்கு எண்ணுறாருடின்னு சிரிப்போம்."

"நீங்க எந்தப் பக்கம் ஏறினீங்க?"

"இந்தப் பக்கந்தேன் சார். கண்மாய்ப் பக்கம். கரைக்கு இங்கிட்டு நெழல்ல குந்தியிருப்போம். வண்டி வந்து நின்னதும் ஓடியாந்து இந்தப் பக்கத்துக் கதவுல ஏறிக்கிருவோம். எறங்குறதும் இப்படித்தேன்."

"பிளாட்பாரத்துக்கு வந்திருக்கலாமே?"

ஒச்சம்மா என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தாள். இது தெரியாதா உனக்கு என்பதுபோல. "அது மண்ணு போட்ட வீட்டுக்காரக நிக்கிற எடமில்ல சார்? எங்க தெருவுல மண்ணு கேக்கலையே."

வெயில் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மீதி முப்பத்திரண்டு வீடுகளையும் முடித்தேன். எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

மூன்றாவது பத்தி

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நோட்டு அடியில் இருந்தது. நாப்தலின் வாசனை.

சாயங்காலம், பிற. கண்மாய்க் கரையில் களையெடுப்புப் பெண்கள். திங்கள் இருபத்து மூன்று. செவ்வாய் இருபத்து நான்கு. புதன் இருபத்தொன்று. வியாழன் இருபத்து நான்கு. வெள்ளி இருபத்து நான்கு. சனி இருபத்திரண்டு. ஆறு நாளும், ஒரு நாள் விடாமல், என் கையெழுத்தில் இருந்தது.

முதல் பத்தியோடு கூட்டினேன். நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று. நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு. ஐம்பது. நாற்பத்திரண்டு.

ஆறு நாளில் ஒரு நாள்கூட நாற்பதுக்குக் கீழே இல்லை.

என் வீட்டுக்காரி விளக்கோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன விட்டுப்போச்சு?" என்றாள். விட்டுப்போகவில்லை என்பதுதானே விஷயம். எண்ணியிருந்தேன். எண்ணிவிட்டு, கொக்குக்கும் கரிச்சானுக்கும் நடுவில் எழுதி வைத்திருந்தேன்.

மறுநாளே அந்த அதிகாரியின் பெயருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர், முடிந்த விஷயத்தைத் திறக்க வழியில்லை என்று மரியாதையாக இரண்டு வரி எழுதியிருந்தார். அவர்மேல் குறை இல்லை. தப்பான கணக்கில் கையெழுத்துப் போட்டவன் நான்.

போடிக்குப் போய்ப் பெருமாள்சாமியிடம் சொன்னேன். ஜீப்பில் ஆள் ஏறும் கூச்சல், மலையாளமும் தமிழும் கலந்த சண்டை, அதற்கு நடுவில் நோட்டை விரித்துக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"வண்டி போனதும் நீங்க கரையப் பாத்து விரல ஆட்டி எண்ணி எழுதுனத நானே பாத்தேன் வாத்தியாரே" என்றார். "அவுகளையும் சேத்துட்டீகன்னுதேன் நெனச்சேன்."

"ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"ஒங்க கணக்கை நான் எப்படிக் கேப்பேன்?" என்றவர், கிளாசை என் பக்கம் நகர்த்தி, "டீய ஆறவிடாதீக" என்றார்.

நான் வைத்த காசை அவர் எடுக்கவில்லை. அன்றும் எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் எடுத்திருப்பார் என்று நினைத்து ஆறுதல் அடைந்துகொள்வேன்.

குருசாமி அண்ணனிடம் சொன்னபோதுதான் அவர் என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தார். முதலில் திட்டினார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "அம்பது கூடை மண்ணு கேட்டிருந்தா அவுகளும் கொண்டாந்து போட்டிருப்பாகள்ல?" என்றார்.

கரைமேல்

சொல்ல வேண்டிய இடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு எனக்கு எட்டு நாள் பிடித்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏறினேன். ஒச்சம்மாவும் மற்றப் பெண்களும் தூக்குவாளியோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கே மலை அன்று மேகமில்லாமல் தெளிவாக இருந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை எண்ணினேன், ஆனால் ரயிலில் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் வண்டி நின்றிருக்கலாம் என்றேன். யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கள எம்புட்டுன்னு எழுதியிருக்கீக?" என்றாள் ஒச்சம்மா. "வாசிங்க."

"தை மாசம், பொங்கல் கழிச்சு. திங்கள், இருவத்து மூணு."

"ஒராளு கொறையுதே. யாருடி அது?"

"நாந்தேன்" என்றாள் பின்னால் ஒருத்தி. "அன்னைக்கு மாமியாளுக்குக் காய்ச்சல். மறுநாத்தேன் வந்தேன்."

"செவ்வாய், இருவத்து நாலு."

"ஆமா. எல்லாரும் இருந்துருக்கோம்."

"புதன், இருவத்தொண்ணு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் யார் என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. சின்னக்குளத்துக் கோயிலுக்குப் போன நாள் என்றாள் ஒருத்தி. இல்லை, அது மாசியில் என்றாள் இன்னொருத்தி. திடீரென்று ஒச்சம்மா தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"பேச்சிக்கு வலி எடுத்த நாளுடி! நானும் செல்லத்தாயும் கூட்டிக்கிட்டுப் பெரியாசுபத்திரிக்குப் போனோம்ல? பேச்சி மகன் புதங்கிழமை பெறந்தவன்தேன்."

பேச்சி என்ற பெண் தலையை ஆட்டினாள். அவள் இடுப்பில் இருந்த பையன் என் நோட்டைப் பிடித்து இழுத்தான்.

வியாழன், வெள்ளி, ஒவ்வொன்றாக வாசித்தேன். சனிக்கிழமை வராத இருவரையும் கண்டுபிடித்தார்கள். ஒருத்திக்குச் சாமி கும்பிடு, ஒருத்திக்குப் புருஷனோடு சண்டை. சண்டைக்காரி, "அதையும் எழுதி வச்சிருக்காகளா?" என்று கேட்க, எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"கணக்குச் சரியாத்தேன் இருக்கு சார்" என்றாள் ஒச்சம்மா.

முப்பத்து நான்கு வருடம் நான் பிள்ளைகளின் நோட்டில் 'சரி' போட்டவன். என் கணக்கை ஒரு ஆள் முழுதாகச் சரிபார்த்துச் சரி என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.

"நேரமாச்சு, வெரசா நடங்கடி" என்று அவள் முன்னால் இறங்கினாள். தண்டவாளத்தின் நடுவே கட்டைமேல் கட்டையாகக் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக மேற்கே போனார்கள். போடி மூன்று மைல். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து காலை வண்டி வந்தது. அவர்கள் இறங்கி ஒதுங்கி நின்றார்கள். நிற்காமல் போனது. மறுபடி ஏறி நடந்தார்கள்.

எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு பேர். மீதிப் பத்துப் பேருக்கு அந்த நடை முடியாமல் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

கரைமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். அவர்கள் ஏறியவர் அல்ல. இறங்கியவர் அல்ல. பிற என்று எழுத இனிமேல் கை வராது. பக்க ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். 'நடந்தவர்' என்று தலைப்பு எழுதி, அதன் கீழே பதினான்கு என்று போட்டேன்.